ஒரே ஜேபெக்கில் ஒரு பேனர்

தமிழ்நாட்டில் ஃபிளெக்ஸ் டிசைனர்கள் பலர் அச்சுக்கு ஃபைல் கொடுப்பது ஒரே முறையில்தான். லேயர்களையெல்லாம் ஒன்றாக்கி, முழு அளவில், 72 டிபிஐயில் ஒரு ஜேபெக். பெரிய பிரிண்டுக்கு 300 டிபிஐ கட்டாயம் என்று படித்துவிட்டு வருபவர்கள் இதைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். அவர்கள் குறை சொல்வது தவறான இடத்தில். இந்த வழக்கத்தின் உண்மையான கோளாறு எழுத்தில் இருக்கிறது.

300 என்பது கையில் வைத்துப் படிக்கும் தாளுக்கான கணக்கு. ஓரடித் தொலைவில் நல்ல கண்ணால் அங்குலத்துக்குச் சுமார் 290 புள்ளிகள் வரை பிரித்துப் பார்க்க முடியும். பத்தடி தள்ளி நின்றால் அது 29 ஆகிவிடுகிறது. 10-க்கு 8 அடி பேனரை 300-இல் செய்தால் 36,000-க்கு 28,800 பிக்சல். சிஎம்ஒய்கேயில் 4 ஜிபியைத் தாண்டும். 30,000 பிக்சலுக்கு மேல் போனால் பிஎஸ்டி ஃபைலாகச் சேமிக்கவே முடியாது. அதே பேனர் 72-இல் 240 எம்பிக்குள் அடங்குகிறது. சாலையோரம் நிற்கும் பேனரில் முகமும் பின்னணியும் தெளிவாகத் தெரிய இது தாராளம்.

ஜேபெக்காகக் கொடுப்பதிலும் நியாயம் உண்டு. பாமினி போன்ற பழைய ஃபான்ட்டுகளில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் உட்கார்ந்திருக்கிறது. பிரஸ்ஸில் அந்த ஃபான்ட் இல்லையென்றால் வரி முழுவதும் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். யூனிகோடில் அடித்தாலும் பழைய போட்டோஷாப்பில் ஒற்றைக்கொம்பு இடம் மாறி நிற்கும். படமாக்கிவிட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக அடித்துக் கொடுக்க வேண்டிய தொழிலில் இது சின்ன லாபமல்ல.

ஆனால் முகத்துக்குப் போதுமான 72 எழுத்துக்குப் போதாது. கண்காட்சி பேனலையோ மண்டப வாசலில் வைத்த நிகழ்ச்சி நிரலையோ எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள் மூன்றடிக்குள் வந்து நின்று படிப்பார்கள். அங்கே அரை அங்குல எழுத்துக்கு உயரம் 36 பிக்சல்தான். அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்குக் கிடைப்பது நான்கோ ஐந்தோ பிக்சல். போதாக்குறைக்கு, ஜேபெக் பொதுவாக நிற விவரத்தைக் குறைத்துப் பதிகிறது; மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து என்றால் ஓரமெல்லாம் அழுக்குப் படிந்தது போல ஆகி, புள்ளி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். ஞ, ணை போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். கோடுகளால் ஆன ஆங்கிலப் பெரிய எழுத்து தாக்குப்பிடிக்கிற இடத்தில் தமிழ் தோற்றுப்போகிறது. தமிழில் பேனர் செய்கிறவர்கள் இதைப் பொறுத்துக்கொண்டிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

வழி இருக்கிறது. கோரல்டிராவில் படத்தை மட்டும் 72-இலோ 100-இலோ வைத்து, எழுத்தைக் கர்வாக, அதாவது கோட்டு வடிவமாக, மாற்றி, பிடிஎஃப் ஆகக் கொடுக்கலாம். அப்போது எழுத்தின் ஓரம் படத்தின் டிபிஐயை நம்பியிராது. மெஷினால் எவ்வளவு கூர்மையாக அடிக்க முடியுமோ அவ்வளவு கூர்மையாக வரும். 200 அங்குலத்தைத் தாண்டும் வேலையில் பிடிஎஃப் தகராறு செய்யக்கூடும். பத்தில் ஒரு பங்கு அளவில் செய்து, படத்தை 720-இல் வைத்தால் கணக்குச் சரியாகிவிடும். கர்வுக்கும் ஒரு குறை உண்டு, அதுவும் பெரிய குறை: மாற்றிய பிறகு எழுத்துப் பிழையைத் திருத்த முடியாது. கண்ணீர் அஞ்சலி பேனரில் இறந்தவரின் பெயரில் ‘ண’வும் ‘ன’வும் மாறிவிட்டதைக் கடைசி நேரத்தில் வீட்டார் கண்டுபிடித்தால், அந்த வரியை முதலிலிருந்து அடிக்க வேண்டும். கர்வாக்காத ஃபைலைத் தனியாக வைத்துக்கொள்ளாத டிசைனர் அந்த நேரத்தில் கையைப் பிசைவார்.

நிறத்தில் நான் இவ்வளவு கண்டிப்புக் காட்டமாட்டேன். போட்டோக்களை ஆர்ஜிபியிலேயே புரொஃபைலோடு கொடுத்தால் ஃபைலை அச்சுப் புள்ளிகளாக்கும் ரிப் மென்பொருள்கள் பல மெஷினுக்கு ஏற்ப நன்றாகவே மாற்றிக்கொள்கின்றன. கட்சிக் கொடி, நிறுவன லோகோ இவற்றின் நிறத்தையும் கறுப்பையும் மட்டும் சிஎம்ஒய்கேயில் நாமே கட்டிக் கொடுப்பது நல்லது. இல்லாவிட்டால் திரையில் பளிச்சென்று இருந்த நீலம் ஃபிளெக்ஸில் ஊதாவாக வரலாம். கறுப்பு மையை மட்டும் 100 சதவீதம் வைத்தால் சாம்பல் தட்டும்; நான்கையும் 100 வைத்தால் மை காயாமல், சுருட்டும்போது ஒட்டிக்கொள்ளும். சிஎம்ஒய்கே வரிசையில் 60, 40, 40, 100 என்று வைத்துத் தொடங்கலாம். மெஷினுக்கு மெஷின் இது மாறும் என்பதால், லோகோ வருகிற பகுதியில் ஒரு சதுர அடியை மட்டும் முதலில் அடித்துக் காட்டச் சொல்லி, பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மீதிக்குச் சம்மதம் சொல்லலாம்.