வளரியும் லேசரும்: ஆயுதத் தேர்வின் அரசியல்

காரைக்குடி நண்பர் ஒருவர் தன் விஞ்ஞானக் கதையின் கையெழுத்துப் பிரதியைப் படிக்கக் கொடுத்தார். ஆண்டு 2190. செட்டிநாட்டுப் பொட்டலில் யுத்தம். ஆளுக்கொரு லேசர் துப்பாக்கி. "நம்புற மாதிரி இருக்காண்ணே?" என்று கேட்டார். கேள்வியை அத்தனை சுலபமாக விட்டுவிட முடியவில்லை. நம்பகம் என்றால், யாருடைய நம்பகம்?

முதலில் பௌதிகம். 1 கிலோ கரிமருந்தில் சுமார் 30 லட்சம் ஜூல் ஆற்றல் உண்டு. இன்றைய நல்ல லித்தியம் மின்கலத்தில் 1 கிலோவுக்கு 9, 10 லட்சம் தேறினால் பெரிசு. அதிலும் பாதிக்குமேல் லேசருக்குள்ளேயே சூடாகி வீணாகும். ஆக, அந்த வீரன் முதுகில் சுமப்பது துப்பாக்கியை அல்ல, மின்கல மூட்டையை. காரைக்குடிக்காரர் இதை மறந்ததுதான் வேடிக்கை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அவர் ஊரிலேயே இருக்கிறது. மின்கல ஆராய்ச்சி அங்கே நடக்கிற முக்கியமான வேலைகளில் ஒன்று. கதையில் அந்த ஆய்வகம் இல்லை. ஹாலிவுட் இருக்கிறது.

ஆனால் கணக்குச் சரியாகிவிட்டால் மட்டும் கதை நம்பும்படியாகிவிடுமா? ஆயுதம் ஒருபோதும் தனியாக இருப்பதில்லை. நிலம், உழைப்பு, சட்டம், சாதி என்ற வலைக்குள்தான் அது ஆயுதமாகிறது. 1801இல் காரைக்குடிக்குப் பக்கத்துச் சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதைபோட முயன்ற கம்பெனிப் படை, ஒரு மாதம்போல வெட்டியும் பாதியில் கைவிட்டுத் திரும்பியது. பீரங்கி இருந்தது, அதை உருட்டிச் செல்லத் தடம் இல்லை. அங்கே காடுதான் ஆயுதம். மருது சகோதரர்களை வளரியோடு மட்டும் நிறுத்தும் கதையாடலும் அரைகுறையானது. அவர்கள் தரப்பிலும் துப்பாக்கிகள் இருந்தன. ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, வளரி எறியச் சின்ன மருதுவே தனக்குக் கற்றுத்தந்ததாக 1830இல் வெளியான தன் நினைவுநூலில் எழுதினார். அதே மருதுவை வேட்டையாடிய படையிலும் அவர் இருந்தார். அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கு. டிசம்பர் 1 அன்று ஆயுதங்களைத் தடைசெய்யும் கம்பெனி அறிக்கை. அடுத்து 1878இல் இந்திய ஆயுதச் சட்டம். எந்தக் கையில் எந்த ஆயுதம் என்பதைத் தீர்மானித்தது தொழில்நுட்பம் மட்டுமில்லை, காகிதமும்தான்.

சுஜாதா இதை ஓரளவு உணர்ந்திருந்தார் என்றே படுகிறது. 'என் இனிய இயந்திரா'வில் பிள்ளை பெற்றுக்கொள்ளவும் அரசின் அனுமதி வேண்டும். அந்தப் பிரதியில் எனக்குப் பயம் தந்தது எந்தத் துப்பாக்கியும் இல்லை, அந்த அனுமதிதான்.

நண்பரின் 2190இல் சாதி இல்லை. லேசர் வந்ததும் அது தானாகவே ஆவியாகிப் போயிற்றாம்! 2018 மே 28 இரவு, இதே சிவகங்கை மாவட்டத்துக் கச்சநத்தத்தில் ஆதிக்கசாதிக் கும்பல் நடத்திய தாக்குதலில் தலித்துகள் 3 பேர் மாண்டார்கள். 2022இல் 27 பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த இரவுக்கு உயர்தொழில்நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. வெட்டுகிற ஆயுதம் போதுமானதாக இருந்தது. செவ்வாய்க்கே போனாலும் நம்மாட்கள் அரிவாளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் போவார்கள் என்ற சந்தேகத்தைக்கூட எழுப்பாத ஒரு விஞ்ஞானக் கதை, விஞ்ஞானமாகவும் தேறாது, கதையாகவும் தேறாது.

பிரதியைத் திருப்பிக் கொடுத்தபோது நண்பரிடம் சொன்னேன்: "லேசர் இருக்கட்டும் தம்பி. மின்கலம் எங்க சார்ஜ் ஆகுது, அந்தக் கொட்டகைச் சாவி யாரு இடுப்புல தொங்குது, எந்தத் தெருக்காரன் வரிசையில கடைசியா நிக்கிறான், அதை எழுதுங்க."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப யுத்தம் எப்பண்ணே ஆரம்பிக்கும்?"

அந்த வரிசையிலேயே ஆரம்பித்துவிட்டது.