அந்தி வெளிச்சத்தில் ஆடுகிறவர்கள்

ஆங்கில நாவல்களில் கிரிக்கெட் வருகிற பக்கங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு படித்துப் பார்க்கிற வாசகருக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புலப்பட்டுவிடும். அநேகமாக அங்கே எப்பொழுதும் ஓய்வு நாளின் பிற்பகல். வெயில் இதமாக அடிக்கிறது. மரத்தடியில் கிழவர்கள் உட்கார்ந்து பழைய ஆட்டங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். நடுவில் தேநீர் வருகிறது. ஆட்டம் முடிந்த பிறகும் ஒருவருக்கும் வீட்டுக்குப் போக அவசரமில்லை. இந்தச் சித்திரம் அழகானதுதான். இதில் பொய் என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இங்கிலாந்தில் பொழுதுபோக்காகக் கிரிக்கெட் ஆடுகிற ஜனங்களில் ஒரு பெரும் பகுதியினர் இந்தச் சித்திரத்தில் இல்லை. அவர்கள் ஆடுவது வேலை நாட்களில், சாயங்காலத்தில்.

கோடைக்கால மாலை லீக் என்று இதைச் சொல்கிறார்கள். ஆட்டம் மாலை ஆறு மணிக்கோ ஆறரைக்கோ ஆரம்பமாகும். பக்கத்துக்கு 20 ஓவர். சில ஊர்களில் அதையும் குறைத்து 16 அல்லது 18 என்று வைத்துக்கொள்வார்கள். முனை மாறுகிற நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக ஓவருக்கு எட்டுப் பந்து என்று விதி செய்துகொண்ட லீகுகளும் உண்டு. ஒருவரே நின்று ஆடிக்கொண்டிருந்தால் மற்றவர்களுக்கு மட்டை கிடைக்காதே என்று, குறிப்பிட்ட ரன் எடுத்தவுடன் ஆட்டக்காரர் விலகிக்கொள்ள வேண்டும் என்கிற விதியும் பல இடங்களில் இருக்கிறது. ஆலையிலிருந்தும் பாங்கியிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் வருகிறவர்கள் காரிலேயே உடை மாற்றிக்கொண்டு நேரே மைதானத்தில் இறங்குவார்கள். தேநீருக்கு நேரமில்லை. வட இங்கிலாந்தில் ஜூன் மாதத்தில் சூரியன் மறைய ஒன்பதரை மணி ஆகும். ஆகஸ்டுக் கடைசியில் எட்டு மணிக்கே மறைந்துவிடும். இருள்வதற்குள் ஆட்டம் முடிந்தாக வேண்டும். இதுதான் அந்த லீகின் முதல் சட்டம். மற்றச் சட்டங்கள் எல்லாம் இதற்குக் கீழ்ப்பட்டவை.

இந்தப் பொழுது அவர்களுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. நாவல்களில் வருகிற அந்தச் சனிக்கிழமைப் பிற்பகலைக்கூடச் சட்டம் போட்டுத்தான் வாங்கவேண்டியிருந்தது. நெசவாலைகளில் வேலை செய்த பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணியோடு வேலை முடியவேண்டும் என்று 1850-ல் ஒரு சட்டம் வந்தது. கடைச் சிப்பந்திகளுக்கு வாரத்தில் அரை நாள் விடுமுறை என்பது 1911-ல் சட்டமாயிற்று. கோடையில் வெளிச்சத்தை வீணாக்குகிறோமே என்று வில்லியம் வில்லெட் என்கிற கட்டடக் காண்டிராக்டர் 1907-ல் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். கடிகாரத்தை முன்னால் தள்ளி வைக்கவேண்டும் என்பது அவருடைய யோசனை. அதைக் காண அவர் இருக்கவில்லை, 1915-ல் காலமாகிவிட்டார். மறு வருஷமே, யுத்தத்தின் காரணமாக, கோடைக்காலத்தில் கடிகாரம் ஒரு மணி முன்னால் போயிற்று. இரண்டாவது யுத்தத்தில், 1941 முதல் 1945 வரையில், கோடையில் இரண்டு மணி முன்னால் போயிற்று. வேலை முடிந்து வருகிறவனுக்கு ஒரு மணி வெளிச்சம் கூடக் கிடைத்தது. அந்த ஒரு மணியின் மேல்தான் மாலை லீகுகள் நின்றன என்று சொன்னால் அதிகம் தவறில்லை.

2003-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் கவுண்டிகள் 20 ஓவர் ஆட்டத்தை ஆரம்பித்தபோது, அது என்னவோ புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட அதிசயம் போல விளம்பரம் செய்யப்பட்டது. வேலை விட்டு வந்து சாயங்காலத்தில் 20 ஓவர் ஆடுவதைச் சின்ன ஊர்களின் ஆட்டக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

நாவலாசிரியர்கள் இவர்களை ஏன் கண்டுகொள்ளவில்லை என்பது விமரிசகன் கேட்கவேண்டிய கேள்வி. 'அவர் வில்லேஜ்' என்று 1824 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்ட மேரி ரஸல் மிட்போர்ட் இந்த விஷயத்தில் முன்னோடி. லார்ட்ஸ் மைதானத்தில் பணத்துக்காக ஆடுகிற ஆட்டம் தமக்கு வேண்டாம், இரண்டு கிராமங்கள் கௌரவத்துக்காக ஆடுகிற ஆட்டமே ஆட்டம் என்று அவர் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். அவருக்குக் கிரிக்கெட் தெரிந்திருந்தது. டிக்கன்ஸுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. 'பிக்விக் பேப்பர்ஸ்' நாவலில் டிங்க்லி டெல்லும் ஆல்-மகிள்டனும் ஆடுகிற ஆட்டத்தில் பந்தைவிட ஜிங்கிளின் வாய்தான் வேகமாகப் போகிறது. மேற்கிந்தியத் தீவுகளில் தாம் ஆடியதாக அவர் அளக்கிற அளப்புக்கு ஈடாக மைதானத்தில் எதுவும் நடக்கவில்லை. டிக்கன்ஸுக்கு வேண்டியதெல்லாம் ஆட்டத்துக்குப் பின் வருகிற விருந்து. பிற்பாடு வந்த ஹாஸ்ய ஆசிரியர்களுக்கெல்லாம் அவர் வழி காட்டிவிட்டார்.

அந்த ஹாஸ்ய வரிசையில் மிகவும் பிரசித்தமானது ஏ. ஜி. மக்டானல் 1933-ல் வெளியிட்ட 'இங்கிலாந்து, தேர் இங்கிலாந்து'. லண்டனிலிருந்து எழுத்தாளர்களும் பத்திரிகைக்காரர்களுமாக ஒரு கோஷ்டி போர்டென்டென் என்கிற கிராமத்துக்கு வந்து ஆடுகிறது. கிராமத்துக் கொல்லர் மேட்டுக்கு அப்பால் மறைந்துபோய், அங்கிருந்து ஓடி வந்து பந்து வீசுகிறார். கடைசியில் இரு கட்சியும் சமமாக முடிகின்றன. சிரிக்காமல் இதைப் படிக்க முடியாது. நானும் ஒவ்வொரு தடவையும் சிரித்திருக்கிறேன். ஆனாலும் சிரித்து முடித்த பிறகு ஒரு குறை மனசில் தங்குகிறது. லண்டன்காரர்களுக்குப் பெயர் உண்டு, பேச்சு உண்டு, ஆளுக்கு ஒரு சுபாவம் உண்டு. கொல்லருக்கு ஓட்டம் மட்டுந்தான் இருக்கிறது. பட்டறையில் அன்று எந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார், அதனால் அவருக்கு என்ன நஷ்டம் என்று ஆசிரியர் கேட்கவேயில்லை. வேடிக்கை பார்க்க வந்தவனின் கண்ணால் எழுதப்பட்ட அத்தியாயம் அது. பார்க்கிறவனின் பொழுது தாராளமாக இருக்கிறது. ஆடுகிறவனின் பொழுதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை.

இதற்கு ஒன்பது வருஷம் முன்னதாகவே, 1924-ல், ஹ்யூ டி செலின்கோர்ட் 'தி கிரிக்கெட் மாட்ச்' எழுதியிருந்தார். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு ஆட்டம். டில்லிங்போல்டு கிராமம் ரேவ்லி கிராமத்தோடு ஆடுகிறது. நாவல் அவ்வளவுதான். காலையில் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் விழித்துக்கொள்வதிலிருந்து கதை ஆரம்பிக்கிறது. ஒரு வீட்டில் வசதி, இன்னொரு வீட்டில் நெருக்கடி. மைதானத்தில் வந்து சேருகிறபோது எல்லோரும் வெள்ளை உடுத்திய பதினொருவர்தான். ஆனால் யார் எந்த வீட்டிலிருந்து வந்தான் என்பது நமக்குத் தெரியும். ஆகவே ஒரு காட்ச் நழுவினால் வெறும் பந்து நழுவியதாக நமக்குத் தோன்றுவதில்லை. காப்டனிடம் ஆசிரியருக்குப் பிரியம் கொஞ்சம் அதிகம். இடையிடையே உபதேசமும் தலைகாட்டுகிறது. இருந்தாலும் சாதாரண ஆட்டக்காரனைக் கேலி செய்யாமல், தலையில் தூக்கி வைத்தும் ஆடாமல் எழுத முடியும் என்பதற்கு இந்த நாவல் சாட்சி. மக்டானலைப் படித்தவர்களில் பாதிப் பேராவது இதையும் படித்திருக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

எல். பி. ஹார்ட்லியின் 'தி கோ-பிட்வீன்' 1953-ல் வந்தது. கதை நடப்பது 1900-ஆம் வருஷக் கோடையில். பெரிய வீட்டார் ஒரு பக்கம், கிராமத்தார் ஒரு பக்கம். குத்தகை விவசாயி டெட் பர்ஜெஸ் மட்டையைச் சுழற்றிக் கிராமத்தை ஜயிக்க வைத்துவிடுவான் போலிருக்கிறது. அந்தச் சமயத்தில் மாற்று ஆளாக இறங்கிய சிறுவன் லியோ அவனுடைய பந்தைப் பிடித்துவிடுகிறான். டெட்டுக்கு ரகசியக் கடிதம் கொண்டுபோய்க் கொடுக்கிற பையனே டெட்டை வெளியேற்றுகிறான். ஒரு காட்சுக்கு இவ்வளவு கனம் ஏற்றியவர் வேறு யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் அந்தப் பிற்பகலும் பெரிய வீட்டார் நடத்துகிற பிற்பகல்தான். டெட் அதில் விருந்தாளி.

பொழுதையே பிரச்னையாக எடுத்துக்கொண்டு எழுதியவர் நம்மவரான ஆர். கே. நாராயண். 1935-ல் வெளிவந்த 'சுவாமி அண்ட் பிரண்ட்ஸ்' நாவலை வால்தனக் கதை என்று நினைத்துப் படித்தவர்கள் மறுபடி ஒரு முறை படித்துப் பார்க்கவேண்டும். ராஜமும் மணியும் சுவாமிநாதனும் எம்.சி.சி. என்ற பெயரில் மால்குடி கிரிக்கெட் கிளப் ஆரம்பிக்கிறார்கள். சுவாமிக்கு நன்றாகப் பந்து போட வருகிறது. டேட் என்று பட்டமும் கிடைக்கிறது. ஆனால் போர்டு ஹைஸ்கூலில் பாடம் முடிந்த பிறகு டிரில் வகுப்பு இருக்கிறது. அவன் மைதானத்துக்கு வந்து சேருவதற்குள் பொழுது போய்விடுகிறது. தாமதமாக வருகிறாயே என்று ராஜம் கோபித்துக்கொள்கிறான். டிரிலிலிருந்து தப்ப டாக்டரிடம் ஓடுகிறான் சுவாமி, அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் தலைமையாசிரியரின் பிரம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிப்போய், காட்டில் வழி தவறி, எந்த ஆட்டத்துக்காக இவ்வளவு பாடுபட்டானோ அந்த ஆட்டத்துக்கே வராமல் போகிறான். எம்.சி.சி. தோற்கிறது, சிநேகமும் முறிகிறது. சாயங்காலத்தில் ஒரு மணி நேரம் தன்னுடையதாக இல்லாததால் ஒரு பையனுக்கு என்னவெல்லாம் ஆகிறது என்பதுதான் கதை. மாலை லீகில் ஆடுகிற எந்த ஆங்கிலத் தொழிலாளிக்கும் சுவாமியின் கஷ்டம் உடனே விளங்கிவிடும்.

சமீப காலத்து நாவல் ஒன்றையும் சொல்லவேண்டும். ஜோசப் ஓநீலின் 'நெதர்லாண்ட்', 2008-ல் வந்தது. நியூயார்க்கில் ஸ்டேட்டன் தீவில், கரீபியன் தீவுகளிலிருந்தும் நம் பக்கத்திலிருந்தும் குடியேறியவர்களோடு ஒரு டச்சுக்காரன் கிரிக்கெட் ஆடுகிறான். அங்கே புல் அடர்த்தி. தரையோடு அடித்த பந்து ஓடாது, தூக்கித்தான் அடிக்கவேண்டும். சிறு வயதில் கற்ற ஒழுங்கை விட்டுத் தூக்கி அடிக்க அவனுக்கு மனம் வரவில்லை. ஒரு நாள் அடித்துவிடுகிறான். ஊரை விட்டு வந்தவன் புது ஊரை ஏற்றுக்கொண்ட தருணம் அது. ஒரு அடியில் இவ்வளவையும் காட்டியிருப்பது நல்ல கலை.

இத்தனை இருந்தும் மாலை லீகைப் பற்றிய நாவல் ஒன்று என் கண்ணில் படவில்லை. இவ்வளவு நல்ல விஷயம் ஒரு நாவலாசிரியனுக்குச் சுலபத்தில் அகப்படாது. இந்த லீகுகளில் பல சமயங்களில் தனி அம்பயர் கிடையாது. மட்டை பிடிக்கிற கட்சியிலிருந்தே இரண்டு பேர் போய் நிற்பார்கள். காலில் பட்ட பந்துக்கு எதிர்க் கட்சி கூச்சல் போட்டால், தன் சிநேகிதன் அவுட் என்று தானே விரலைத் தூக்கவேண்டும். நாளைக் காலையில் அதே சிநேகிதனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேலை பார்க்கவும் வேண்டும். இரண்டாவதாக மட்டை பிடிக்கிற கட்சிக்கு வெளிச்சம் குறைந்துகொண்டே வரும். பந்து சரியாகத் தெரியவில்லை. ஆனால் இன்னும் 12 ரன்தான். நிறுத்தினால் ஆட்டம் வீண், தொடர்ந்தால் முகத்துக்கு ஆபத்து. இதில் தர்மசங்கடம் இருக்கிறது, தைரியம் இருக்கிறது, ஹாஸ்யமும் இருக்கிறது. காலத்துக்கு ஒரு எல்லையைக் கதாசிரியன் வலிந்து கட்டவேண்டியதில்லை, சூரியனே கட்டிக்கொடுத்துவிடுகிறது.

அமெச்சூர் என்கிற சொல் இங்கிலாந்தில் வெகு காலம் பணக்காரர்களின் சொத்தாக இருந்தது. கூலி வாங்காமல் ஆட வசதியுள்ளவர் ஜென்டில்மேன். கூலி வாங்குகிறவர் வெறும் ஆட்டக்காரர். முன்னவரின் இனிஷியல் பெயருக்கு முன்னால் அச்சாகும், பின்னவருடையது பின்னால். இந்த இரு ஜாதிகளுக்கும் இடையே 1806-ல் ஆரம்பித்த ஆட்டம் 1962-ல்தான் கடைசியாக ஆடப்பட்டது. இந்தப் பிரிவினையில் மாலை லீக்காரனுக்கு இடமே இல்லை. அவன் கூலி வாங்குவதில்லை, வசதியும் கிடையாது. பகலை விற்றுவிட்டு, மிச்சமான அந்தியில் தனக்குப் பிடித்ததைச் செய்கிறான். அமெச்சூர் என்ற சொல்லின் மூலப் பொருள் நேசிக்கிறவன் என்பது. அந்தப் பொருளுக்கு அவனைவிடத் தகுதியானவன் யார்?

தமிழில் எழுதுகிற நமக்கு இது அன்னிய விஷயமல்ல. நம் சிறுகதைகளிலும் நாவல்களிலும் நல்லவை என்று சொல்லத்தக்கவற்றில் பல, ஆபீஸிலிருந்தும் பள்ளிக்கூடத்திலிருந்தும் திரும்பி வந்தவர்கள் சாயங்காலத்துக்கு மேல் உட்கார்ந்து எழுதியவை. அந்த எழுத்தை முழுநேர எழுத்தின் அளவுகோலால் அளந்து, பக்கம் குறைவு, அவசரம் தெரிகிறது என்று சொல்லிவிடுவது சுலபம். அவசரம் தெரியத்தான் செய்யும். இருட்டுவதற்குள் முடிக்கவேண்டியவன் எந்தப் பந்தை விடலாம், எந்தப் பந்தை அடிக்கவேண்டும் என்று கணக்குப் பார்த்துத்தான் ஆடுவான். அந்தக் கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதே விமரிசகனின் வேலை. அவனிடம் ஏன் இன்னும் வெளிச்சம் இல்லை என்று கேட்பதல்ல.