ஸ்கோர்ஸ்பி சுண்டை எப்படி ரசிப்பது?

கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில், எழுபதாவது அட்சரேகைக்குச் சற்று வடக்கே, கடலின் ஒரு கரம் மலைகளுக்கிடையே நுழைந்து, கிளை கிளையாகப் பிரிந்து, ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தூரம் உள்நாட்டுக்குள் சென்று, அப்பெருந் தீவை மூடியிருக்கும் பனிப்பாளத்தின் விளிம்பைத் தொடுகிறது. ஸ்கோர்ஸ்பி சுண்ட் என்பது அதன் பெயர். பனியாறுகள் யுகயுகமாகக் குடைந்து வைத்த பள்ளத்தாக்குகளில் சமுத்திரம் புகுந்ததால் உண்டான ஃபியோர்டுகளின் தொகுதிகளில் உலகிலேயே மிகப் பெரியது இதுவே. ஆண்டின் பெரும்பகுதியில் கடற்பனி அதன் வாயிலை அடைத்துக்கொண்டிருப்பதால், ஜூலை மாதத்தின் பிற்பகுதி தொடங்கிச் செப்டம்பர் வரையில்தான், பனிக்கடலில் செல்வதற்கென்று உறுதியாகக் கட்டப்பட்ட சிறு கப்பல்கள் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, பெரும்பாலும் ஐஸ்லாந்திலிருந்து, அங்கே போய் வருகின்றன.

இத்தகைய பிரயாணத்துக்குப் பெரும் பொருள் செலவிட்டு வருகிறவர்கள், துருவக்கரடி தென்பட்டதா இல்லையா என்பதைக்கொண்டே தங்கள் யாத்திரையின் பயனை நிர்ணயிப்பதைக் காணும்போது எனக்கு வருத்தம் உண்டாகிறது. கரடி வந்தாலும் வரும், வராமலும் போகும். ஆனால் நாள்தோறும் கண்முன் விரிந்து கிடக்கும் மலையையும் பனியையும் நீரையும் உள்ளபடி காண்பதற்குச் சிறிது அப்பியாசம் வேண்டும்.

அந்த அப்பியாசத்தில் முதலாவது, அளவு அறிதல். மரமும் வீடும் தந்திக்கம்பமும் நிறைந்த பூமியில் பழகிய நம் கண், அவற்றைத் துணையாகக் கொண்டுதான் தூரத்தையும் உயரத்தையும் மதிப்பிடுகிறது. மரம் என்று நிமிர்ந்து நிற்பது ஒன்றுகூட இல்லாததும், தூசியும் புகையும் அற்ற காற்றினால் தொலைவிலுள்ள பாறையின் வெடிப்புங்கூடத் தெளிவாகத் தெரிவதுமான அந்தப் பிரதேசத்தில், கண்ணின் அந்த அளவுகோல் முற்றிலும் பயனற்றுப் போகிறது. அரைமணியில் நடந்து சேரலாம் என்று தோன்றும் மலையடிவாரம் கப்பலில் சென்றாலும் இரண்டு மணி நேரத்துக்கு அப்பால் இருக்கும். ஓஃபியோர்டு என்னும் கிளையில், நீரிலிருந்து நேரே எழுந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரம் நிற்கும் குருண்ட்விக்ஸ்கிர்கன் சிகரத்தை முதன்முறை பார்க்கிறவர் சாதாரணக் குன்று என்றே நினைப்பார். அதன் அடியில் வேறொரு கப்பல் ஊர்ந்து செல்வதைக் கண்ட மாத்திரத்தில்தான் அந்த மலை அவருக்குள் வளரத் தொடங்கும். ஆகையால், எந்தக் காட்சியிலும் அளவு தெரிந்த ஒரு பொருளை, ஒரு கடற்பறவையையோ ரப்பர் படகையோ கரையில் நிற்கும் மனிதரையோ, முதலில் தேடிப் பிடித்து, அங்கிருந்து படிப்படியாகப் பார்வையை மேலே ஏற்றுவதே சரியான முறை.

கண் ஏமாறுவது இங்கே பழைய சரித்திரம். 1822-ஆம் ஆண்டில் திமிங்கில வேட்டைக்கு வந்த கப்பல் தலைவரும் விஞ்ஞானியுமான வில்லியம் ஸ்கோர்ஸ்பி, வானத்தில் தலைகீழாகத் தொங்கிய ஒரு கப்பலின் பிம்பத்தைத் தொலைநோக்கியால் ஆராய்ந்து, அடிவானத்துக்குக் கீழே மறைந்திருந்த தம் தந்தையின் கப்பலே அது என்று அடையாளம் கண்டார். குளிர்ந்த நீரின்மேல் படிந்த குளிர்காற்றுக்கு மேலே வெப்பமான காற்று நிற்கையில் ஒளி வளைவதால் நிகழ்வது இது. அந்த ஆண்டில்தான் அவர் இக்கரையை வரைபடமாக்கி, இந்த ஃபியோர்டுக்குத் தந்தையின் பெயரைச் சூட்டினார். காற்று அசையாத நாளில் அடிவானத்துப் பனிக்கட்டிகள் கோபுரங்களாக நீண்டு நிற்பதை இன்றும் காணலாம்.

இரண்டாவதாக, பனிமலைகள். நோர்ட்வெஸ்ட்ஃபியோர்டின் தலைப்பில் உள்ள டௌகார்ட்-யென்சன் பனியாறு போன்றவற்றிலிருந்து உடைந்து விழுந்து, மாதக்கணக்கிலும் வருஷக்கணக்கிலும் இந்த நீரில் சஞ்சரித்து, ஆழம் குறைந்த இடங்களில் தரைதட்டி நிற்கும் இவற்றின் உடலில் பத்தில் ஒரு பங்கு அளவே நமக்குத் தெரிகிறது. ஒவ்வொன்றையும் ஒரு சாசனத்தைப் போல வாசிக்க வேண்டும் என்பது என் துணிபு. வெண்மையான பகுதியில் எண்ணற்ற காற்றுக் குமிழிகள் அடங்கி ஒளியைச் சிதறடிக்கின்றன. குமிழிகள் நெருக்குண்டு மறைந்த அடர்ந்த பனி, ஒளியின் செந்நிறத்தை விழுங்கி நீலத்தை மாத்திரம் திருப்பித் தருகிறது. கரிய பட்டைகள் பனியாறு தன் படுகையில் அரைத்து வந்த கல்லும் மண்ணும் ஆகும். இவற்றையெல்லாம்விட நுட்பமானது, பக்கவாட்டில் சாய்ந்து ஓடும் கோடு. அலை அரித்த அந்தத் தடம் ஒருகாலத்தில் நீர்மட்டமாக இருந்தது. அது இன்று சாய்ந்து மேலே நிற்குமானால், அந்தப் பனிமலை இடையில் புரண்டு எழுந்திருக்கிறது என்று பொருள். இன்னொரு முறையும் அது புரளலாம் என்பதனாலேயே படகோட்டிகள் எட்டத்தில் நிற்கிறார்கள். இன்னும் கிட்டப் போகும்படி அவர்களை நெருக்குவது அறியாமை.

படகில் இருக்கும்போது, இயந்திரத்தைச் சில நிமிஷங்கள் நிறுத்தும்படி வழிகாட்டியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மகிழ்ச்சியோடு இசைவார்கள். அப்போது, நீரில் மிதக்கும் சிறு துண்டுகளிலிருந்து, எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் போன்ற ஒலி நாற்புறமும் எழுவதைக் கேட்கலாம். நூற்றாண்டுகளாக, சிலவற்றில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக, பனியில் அமுக்கப்பட்டுக் கிடந்த காற்று, கரைந்த சுவரை உடைத்துக்கொண்டு வெளியேறும் சப்தம் அது. கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கேட்கத் தக்கது.

பாறையைப் பற்றி நெடுகச் சொல்லலாம். இங்கே ஒன்று போதும். மேற்கு நோக்கி நுழையும்போது இடப்புறத்தில் அடுக்கடுக்காகத் தெரிபவை, அட்லாண்டிக் சமுத்திரம் பிளந்து விரிந்த காலத்தில், சுமார் ஐந்தரைக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு பாய்ந்து உறைந்த எரிமலைக் குழம்பின் படிகள். உள்ளே செல்லச் செல்ல, 40 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய மலைத்தொடர் ஒன்றின் மடிந்தும் திருகியும் கிடக்கும் வேர்கள் வெளிப்படும். ரோடெ ஓ என்னும் சிறு தீவின் செந்நிறப் பாறைக்கு எதிரே நீலப் பனிமலைகள் சிக்கி நிற்கும் இடம், நிறத்தின் சௌந்தர்யத்துக்கு இந்தப் பிரதேசம் முழுவதிலும் சிறந்தது.

கரையில் இறங்கியதும், உயரத்தில் மயங்கிய கண்ணைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். மண்டியிட்டுப் பார்த்தாலன்றிப் புலப்படாத காடு ஒன்று அங்கே இருக்கிறது: தரையோடு தரையாகப் படர்ந்து, விரல் கனமும் இல்லாத தண்டோடு பல பத்தாண்டுகள் வாழ்ந்திருக்கும் ஆர்க்டிக் வில்லோ, அதனருகே குட்டைப் பிர்ச் செடி. ஆகஸ்டின் இறுதியில் இவை மஞ்சளும் செம்மையுமாக மாறும்போது மலைச்சரிவு முழுவதும் பற்றி எரிவது போலிருக்கும். எனக்குத் தேர்வு செய்யும் உரிமை இருந்தால் அந்தப் பருவத்தையே தேர்வு செய்வேன். இரவும் இருட்டத் தொடங்குவதால் துருவ ஒளியும் தென்படலாம். சில இடங்களில், இன்றைய இனுயிட் மக்களின் முன்னோரான தூலே மக்கள் வாழ்ந்த வீடுகளின் கல்வட்டங்கள் புல்லில் அமிழ்ந்து கிடக்கும். குளிர்காற்று உள்ளே ஏறாதபடி வாயில்வழியைத் தாழ்த்தி அமைத்த அவர்களுடைய விவேகத்தைக் கவனியுங்கள். கல்லையோ எலும்பையோ தொடலாகாது. கஸ்தூரி மாடுகள் தென்பட்டால், அவை தலை நிமிர்ந்து நம்மை நோக்குமுன்பே நின்றுவிட வேண்டும்.

கப்பல்கள் ஃபியோர்டின் வாயிலருகே உள்ள இத்தோக்கோர்தோர்மீட் என்னும் ஊரில் நிற்பதுண்டு. டென்மார்க்கைச் சேர்ந்த எய்னார் மிக்கெல்சன் முன்னின்று, தெற்கேயுள்ள அம்மசாலிக்கிலிருந்து இனுயிட் குடும்பங்களைக் குடியேற்றி, 1925-ஆம் ஆண்டில் நிறுவிய ஊர் அது. நானூறு பேருக்கும் குறைவானவர்கள் வசிக்கிறார்கள். இவ்வூரைக் காட்சிப்பொருளாகப் பார்ப்பது பெருந்தவறு. சட்டங்களில் இழுத்துக் கட்டி உலர வைத்திருக்கும் கரடித்தோலையும் கஸ்தூரி மாட்டுத்தோலையும் கண்டு முகம் சுளிக்கிறவர், பயிர் விளையாத நிலத்தில் வேட்டையே உணவும் உடையுமாக இருந்து வந்ததையும், எத்தனை விலங்குகளைக் கொல்லலாம் என்பதற்கு அவர்களுக்கு வரையறை உண்டு என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. சங்கிலியில் கட்டியிருக்கும் சறுக்குவண்டி நாய்கள் வேலை செய்பவை. கொஞ்சுவதற்கு அருகே போகக் கூடாது. மனிதர்களைப் படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். மறுத்தால் புன்னகையோடு விலகுங்கள். யாராவது பேச முன்வந்தால், கப்பலின் சிற்றுண்டி நேரத்தைக்கூட விட்டுவிட்டு அவர்களோடு நின்று பேசலாம்; அந்தப் பனியில் எங்கே நடக்கலாம், எங்கே நடக்கலாகாது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்.