குதிரைத்திறன் கூடும், கியர்பாக்ஸ் தாங்குமா?

ஜாசின், நியாலாஸ், ஆசகான் பக்கம் செம்பனைத் தோட்டங்களில் குத்தகை வேலை எடுக்கும் தமிழர்களிடம் 'ஃபோர்வீல்' இல்லாமல் இருப்பது அரிது. ஹைலக்ஸ், டி-மேக்ஸ், டிரைட்டன், ரேஞ்சர் என்று பெயர்தான் மாறும். காலையில் ஆட்களையும் உரமூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு செம்மண் மேட்டில் ஏறும். மாலையில் செம்பனைக் குலைகளோடு, அவற்றை வாங்கும் ரேம்ப்புக்கு இறங்கும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மலாக்கா டவுனுக்குப் போகும். முன்பெல்லாம் இவற்றில் கை கியர்தான் அதிகம். இப்போது ஓட்டோ கியரைத்தான் பலரும் கேட்டு வாங்குகிறார்கள்.

இந்த வண்டிகளுக்கு 'ரீமேப்' செய்யும் பழக்கம் இப்போது எல்லாப் பக்கமும் பரவிவிட்டது. மடிக்கணினியை வண்டியின் சாக்கெட்டில் செருகி, இன்ஜின் கணினியில் உள்ள எரிபொருள், டர்போ அளவுகளை மாற்றி எழுதுவார்கள். 20 முதல் 30 விழுக்காடு வரை சக்தி கூடும் என்று பட்டறைகள் சொல்கின்றன. பொய்யில்லை, கூடவும் செய்கிறது. முதல் சில வாரம் வண்டிக்காரருக்குக் கால் தரையில் நிற்காது. பிறகு ஒருநாள் வேறு புகாரோடு வந்து நிற்பார்: "மீட்டர் ஏறுது, வண்டி ஏற மாட்டேங்குது அண்ணே." அங்கேதான் இரண்டாவது செலவு தொடங்குகிறது. கியர்பாக்ஸைப் பலப்படுத்த வேண்டும் என்பார்கள். பல ஆயிரம் ரிங்கிட் கேட்பார்கள்.

அந்தச் செலவில் பாதி நியாயமானது. மீதிப் பாதி, இன்ஜினில் செய்த அவசர வேலைக்குக் கட்டும் வட்டி.

ஓட்டோ கியர்பாக்ஸில் இன்ஜினின் முறுக்குவிசை முதலில் டார்க் கன்வெர்ட்டருக்குள் சுழலும் எண்ணெய் வழியாகக் கடக்கிறது. அதன்பின் கியர்களைப் பிடிப்பவை வரிசையாக அடுக்கிய கிளச் தட்டுகள். எண்ணெயின் அழுத்தம்தான் இந்தத் தட்டுகளை ஒன்றோடொன்று இறுக்குகிறது. எத்தனை தட்டு, எவ்வளவு அழுத்தம் என்பதைப் பொறுத்தே பிடிமானம். வருகிற விசை பிடிமானத்தை மீறினால் தட்டு வழுக்கும். வழுக்கினால் சூடு, சூட்டால் எண்ணெய் கெடும், எண்ணெய் கெட்டால் இன்னும் வழுக்கும்.

இது நடந்த வண்டியை லிஃப்டில் ஏற்றி எண்ணெய்த் தட்டை இறக்கினால் கதை முழுக்க அதில் இருக்கும். எண்ணெய்த் தட்டின் அடியில் காந்தத் துண்டுகள் ஒட்டியிருக்கும். அவற்றின் மேல் திருநீறு குழைத்ததுபோல் சாம்பல் நிறப் பசை படிந்திருந்தால் அது வழக்கமான தேய்மானம், பயமில்லை. விரலில் நெருடும் உலோகத் துணுக்கு கிடந்தால் ஆபத்து. சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் பழுப்பாகிக் கருகல் நாற்றம் வீசும். பெட்டியைப் பிரித்தால், காகிதம்போன்ற உராய்வுப் பூச்சு கொண்ட தட்டுகள் கறுத்துக் கண்ணாடிபோல் மின்னும். நடுவே உள்ள எஃகுத் தட்டுகளில் நீலப் புள்ளிகள். அனுபவமுள்ள மெக்கானிக் பிரிப்பதற்கு முன்பே, இரண்டு விரலில் எண்ணெயைத் தேய்த்து முகர்ந்து பார்த்தே சொல்லிவிடுவார்.

இப்படிக் கெடுவதற்குச் சக்தி கூடியது மட்டும் காரணமில்லை. சக்தியைக் கூட்ட மலிவான வழி ஒன்று இருக்கிறது. பட்டறைகளில் அதற்குப் 'பிக்கிபேக்' என்று பெயர். சின்னப் பெட்டி ஒன்றை எரிபொருள் அழுத்த சென்சாருக்கும் இன்ஜின் கணினிக்கும் நடுவில் மாட்டுவார்கள். அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று அது கணினியிடம் பொய் சொல்லும்; கணினி அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும்; டீசல் கூடுதலாகப் பாயும். இதில் ஏமாறுவது இன்ஜின் கணினி மட்டுமில்லை. கியர்பாக்ஸின் கணினி, இப்போது எவ்வளவு விசை வருகிறது என்று இன்ஜின் கணினியைக் கேட்டுத்தான் எண்ணெய் அழுத்தத்தை நிர்ணயிக்கிறது. 400 நியூட்டன் மீட்டர் வருவதாகக் கணக்குச் சொல்லி, உண்மையில் 480 வந்தால், 400-க்கு உரிய இறுக்கம்தான் தட்டுகளுக்குக் கிடைக்கும். நல்ல கியர்பாக்ஸ்கூட இந்த இடத்தில் வழுக்கும். விசை அட்டவணைகளையும் சேர்த்துத் திருத்தி எழுதும் முறையான ரீமேப்பில் இந்தப் பொய் இல்லை. ஆனால் விலை கூட, அதைச் செய்யத் தெரிந்த கைகளும் குறைவு.

கியர்பாக்ஸின் எல்லையைத் தொழிற்சாலைகளே ஒப்புக்கொண்ட கதைகள் உண்டு. பழைய தலைமுறை டிரைட்டன் ஒன்றில் வந்த 178 குதிரைத்திறன் கொண்ட 2.5 லிட்டர் இன்ஜின், கை கியர் வண்டியில் 400 நியூட்டன் மீட்டர் கொடுத்தது. ஓட்டோவில் அதையே 350-க்குக் குறைத்து விட்டார்கள். அமெரிக்காவில் 2013 ராம் பிக்கப்பில் ஒரே கம்மின்ஸ் டீசல் இன்ஜினுக்கு இரண்டு ஓட்டோ கியர்பாக்ஸ். உச்ச விசை கொண்ட வகைக்குக் கனமான ஐசின் பெட்டியைத்தான் கொடுத்தார்கள். அதற்காக 'ஓட்டோ என்றாலே சோப்ளாங்கி' என்று காப்பிக் கடை மேசையில் சொல்பவர்களோடு ஒத்துப்போக முடியாது. 2.8 லிட்டர் ஹைலக்ஸில் கணக்கு தலைகீழ்: கை கியருக்கு 420, ஓட்டோவுக்கு 450, 2020-இல் ஓட்டோவுக்கு 500 ஆக்கினார்கள், கை கியர் 420-லேயே நின்றது. ஆகவே கேட்க வேண்டியது ஓட்டோவா கை கியரா என்பதில்லை. எந்தப் பெட்டி, எத்தனை நியூட்டன் மீட்டருக்குக் கட்டியது என்பதே.

சரி, பலப்படுத்தும்போது என்னதான் செய்கிறார்கள்? நான்கு உராய்வுத் தட்டு இருந்த இடத்தில் மெல்லிய எஃகுத் தட்டுகளைப் போட்டு ஐந்தாவதுக்கு இடம் பிடித்தால் பிடிமானம் ஏறக்குறைய கால் பங்கு கூடும். வால்வ் பாடியைத் திருத்தி அழுத்தத்தை ஏற்றினால் பிடிமானமும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் ஏறும். கன்வெர்ட்டருக்குள் இருக்கும் லாக்-அப் கிளச்சுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தட்டு போடலாம். உட்தண்டை உறுதியான எஃகில் மாற்றலாம். கணக்குப்படி எல்லாம் சரி. 400-ஐ 480 ஆக்கிய வண்டிக்கு இவற்றில் முதல் இரண்டே போதும், அதுவும் நன்றாகச் செய்தால்.

சிக்கல் அந்த 'நன்றாகச் செய்தால்' என்பதில்தான். அழுத்தத்தைக் கண்மூடி ஏற்றினால் ஒவ்வொரு கியரும் உதைத்துக்கொண்டு விழும். சீல்களும் பிஸ்டன்களும் அடி வாங்கும். சில வண்டிக்காரர்களுக்கு அந்த உதை பிடித்திருக்கிறது, 'பவர் வந்துவிட்டது' என்று நினைக்கிறார்கள். தட்டை நெருக்கி அடுக்கும்போது இடைவெளியை மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பார்க்காவிட்டால், கிளச் விடுபட வேண்டிய நேரத்தில் உரசிக்கொண்டே ஓடும். கியர்பாக்ஸை இறுக்கியாயிற்று என்றால் அடுத்த பலவீனம் புரொப்பெல்லர் தண்டிலோ டிஃபரென்ஷியலிலோ பின் ஆக்ஸிலிலோ வெளிவரும்.

இவ்வளவும் எதற்காக என்று மலாக்கா மண்ணில் நின்று கேட்க வேண்டும். டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கிலும், பிறகு புக்கிட் ஆசகானிலும் ரப்பர் நட்ட காலத்தில் இந்தத் தோட்டங்களிலிருந்து வெளியேறிய சரக்கு பாலும் ஷீட்டும். இன்றைய சரக்கு, ஒவ்வொன்றும் 15, 20 கிலோ தேறும் செம்பனைக் குலை. ஏறத்தாழ ஒரு டன் தாங்கும் பிக்கப்பில் குலையைக் குவித்து, மழை பெய்த செம்மண் மேட்டில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்றுகிறார்கள். அந்த வேகத்தில் கன்வெர்ட்டர் லாக் ஆகாது. எண்ணெய் வழியாகவே விசை கடக்கும், ஒரு பகுதி சூடாகவே போகும். 400 நியூட்டன் மீட்டர், 2,500 சுற்று என்றால் சுமார் 105 கிலோவாட். அதில் பத்தில் ஒரு பங்கு வழுக்கலில் போனாலும் 10 கிலோவாட்டுக்கு மேல். 2,000 வாட் மின்கெண்டி ஐந்தைப் பெட்டிக்குள் வைத்து ஒன்றாகக் கொதிக்கவிடும் சூடு. எண்ணெயின் சூடு 10 டிகிரி ஏறினால் அது கெடும் வேகம் இரட்டிப்பாகும் என்பது பழைய மெக்கானிக்குகளின் கணக்கு. தோட்டத்து வண்டியைக் கொல்வது பெரும்பாலும் குதிரைத்திறன் இல்லை, இந்தச் சூடுதான்.

அதனால் மலாக்காவில் செய்யத் தக்க முதல் வேலை, தனியாக ஓர் எண்ணெய்க் கூலர். ரேடியேட்டருக்குள்ளேயே கூலரை வைக்கும் அமைப்பு எப்படிக் காலை வாரும் என்பதற்கு 2005 முதல் 2010 வரையிலான நிஸான் பாத்ஃபைண்டர், ஃபிரான்டியர் வண்டிகள் சாட்சி. ரேடியேட்டரின் உள்ளே கசிந்து, குளிர்நீர் கியர் எண்ணெயில் கலந்து, பெட்டியே நாசமானது. அமெரிக்காவில் அது வழக்கு வரை போனது. தனிக் கூலருக்குக் குளிர்நாடுகளில் தெர்மோஸ்டாட் வேண்டும், எண்ணெய் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும் என்று. மெர்லிமாவ் வெயிலில் அந்தக் கவலை யாருக்கும் வேண்டாம். இங்கே கவலை வேறு: கூலரின் இறக்கைகளில் சேறு அடைப்பது, குச்சி குத்துவது, மட்டமான ரப்பர் குழாய் கிளிப்பிலிருந்து நழுவி எண்ணெய் முழுதும் சாலையில் கொட்டுவது. அடுத்தது எண்ணெய் மாற்றுவது. 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்ற பேச்சைச் சுமை வண்டிக்காரர் நம்பக் கூடாது. புதிய ஹைலக்ஸ் போன்றவற்றில் அளவுக்குச்சியே கிடையாது. குறித்த சூட்டில் வழியும் துளையைத் திறந்துதான் அளவு பார்க்க வேண்டும். அதைக் குளிர்ந்த வண்டியில் கண்மட்டாகச் செய்யும் பட்டறையிடம் தட்டு மாற்றும் வேலையைக் கொடுக்க யோசிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் கேரவன் இழுப்பவர்கள் கன்வெர்ட்டரைச் சீக்கிரமே லாக் செய்யும் கருவியைப் பூட்டுகிறார்கள். ஏஎம்ஜே நெடுஞ்சாலையில் டிரெய்லர் இழுப்பவருக்கு அது நல்ல பயன். 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35-க்கு ஏறியபோது, சூடாக வீணாகும் ஒவ்வொரு துளிக்கும் விலை தெரிந்தது. ஆனால் தொழிற்சாலை போட்ட ஒற்றைத் தட்டு லாக்-அப்பை, ரீமேப் செய்த இன்ஜினின் முழு விசையில் வலுக்கட்டாயமாகப் பூட்டினால் அது எரியும். தோட்டத்து மேட்டிலோ அதற்கு வேலையே இல்லை. அங்கே லோ ரேஞ்சில் போட்டு ஏறினாலே சூடு நன்றாகக் குறையும். லோ ரேஞ்ச் குமிழைத் தொடாமலே பல வண்டிகள் காலம் தள்ளுகின்றன.

சட்டத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். வண்டியின் அமைப்பில் செய்யும் சில மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் (ஜேபிஜே) ஒப்புதல் தேவை. உத்தரவாதக் காலத்தில் ரீமேப் செய்தால் நிறுவனம் கைவிரிக்க நல்ல சாக்கு. டீசல் புகைக்கு 1996-ஆம் ஆண்டு விதிமுறை 50 எச்எஸ்யு (புகையின் கறுமையை அளக்கும் அலகு) என்று வரம்பு வைத்திருக்கிறது. கறுப்புப் புகை கக்கும் ரீமேப் அந்த வரம்பில் மாட்டும். முழுதாக எரியாத டீசல்தான் அந்தப் புகை, காசும் அதோடுதான் போகிறது.

இவற்றையெல்லாம் தெரிந்தும் தெரியாமலும் சுமந்துகொண்டு இந்த வண்டிகள் ஒருநாள் இரண்டாம் கைக்கு வருகின்றன. விற்பதற்கு முன் பிக்கிபேக்கைக் கழற்றி எடுத்துவிடுவார்கள், ரீமேப்பைப் பழைய கோப்புக்குத் திருப்பிவிடுவார்கள். மடிக்கணினியை மாட்டிப் பார்த்தாலும் எளிதில் தெரியாது. அலோர் காஜாவிலோ ஜாசினிலோ பழைய ஓட்டோ பிக்கப் வாங்கப் போகிறவர், வண்டி நன்றாகச் சூடேறும்வரை ஓட்டி, மேட்டில் மூன்றிலிருந்து நான்குக்கு மாறும்போது ஆர்பிஎம் முள் துள்ளுகிறதா என்று பார்க்கலாம். எரிபொருள் அழுத்த சென்சாரின் வயரில் சொருகிக் கழற்றிய கீறல் இருக்கிறதா என்று பார்க்கலாம். விற்பவர் சம்மதித்தால் எண்ணெய்த் தட்டையும் இறக்கிப் பார்த்துவிடலாம். சம்மதிக்காவிட்டால் விலையைக் குறைத்துக் கேட்க அதுவே போதும்.