அதே பாட்டு, வேறு குரல்

மூன்று வருடங்களுக்கு முன்னர் நடந்த மீலாத் போட்டியொன்றைப் பற்றிச் சொல்லிவிட்டே விடயத்துக்கு வரவேண்டும். மாத்தளை மாவட்டத்தின் ஒரு சிற்றூர்ப் பாடசாலையில் நடுவர் மூவருள் ஒருவனாக அமர்ந்திருந்தேன். பத்தாம் தர மாணவன் ஒருவன் 'இறைவனிடம் கையேந்துங்கள்' பாடினான். கண்ணை மூடிக்கொண்டால் நாகூர் ஈ. எம். ஹனிபாவேதான். அந்த வெண்கலக் குரலின் உச்சமும் எழுத்தெண்ணிச் சொல்லும் உச்சரிப்பும் ஒலிநாடாவில் இருந்தபடியே வந்தன. அவனுக்குப் பின்னர் ஐந்தாம் தரத்துச் சிறுமி ஒருத்தி அதே பாடலைப் பாடினாள். சுருதி தாழ்ந்திருந்தது. வேகமும் இல்லை. தொட்டிலாட்டும் உம்மா பாடுவதுபோல் மெல்லப் பாடினாள். சபையில் சலசலப்பு. புள்ளித்தாளில் 'மூலப் பாடலை ஒத்திருத்தல்' என்றொரு பகுதி. அதற்கு 20 புள்ளிகள். மாணவனுக்கு முதலிடம் கொடுத்தோம். சிறுமிக்கு எந்த இடமும் இல்லை.

இன்று என் காதில் நிற்பது அவள் பாடியதுதான். ஏன் என்று யோசித்ததன் விளைவே இக்கட்டுரை.

ஒருவர் பாடிப் பெயர்பெற்ற பாட்டை இன்னொருவர் பாடுவதை எம் பிள்ளைகள் 'கவர்' என்கின்றனர். மீள்பாடல் என்று எழுதலாம். இதனை மெட்டு இரவல் வாங்குவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பழைய தமிழ்ப் பாட்டுப் புத்தகங்களில் தலைப்பின்கீழ் 'வர்ணமெட்டு' என்று ஒரு பிரபலப் பாட்டைக் குறிப்பிட்டு, அதே மெட்டில் புதிய சொற்களைத் தருவார்கள். சிங்களத் திரையும் 1947 இல் தொடங்கிய காலத்தில் பல பாடல்களுக்கு ஹிந்தி, தமிழ் மெட்டுகளையே நம்பியிருந்தது. சேலத்தில் பிறந்து இங்கு வந்து சிங்களவர் மனங்கவர்ந்த மொஹிதீன் பேக் அக்காலத்தின் பெருங்குரல். பின்னர் வந்த எச். ஆர். ஜோதிபால ஹிந்தி மெட்டுகளில் பாடியதற்காக விமர்சிக்கப்பட்டவர். 1987 இல் அவர் மறைந்தார். ஆயினும் மாத்தளை–கண்டி பஸ்ஸில் ஏறினால் அவர் பாட்டை இன்னொருவர் இசைக்குழுவோடு பாடிக்கொண்டிருப்பார். இரவலின் இரவல்! அதையும் பஸ்ஸே முணுமுணுக்கிறது.

மெட்டு இரவலில் சொல் புதிதாகிறது. மீள்பாடலிலோ சொல்லும் பழையது, மெட்டும் பழையது. மாறுவது குரலும் பாடும் விதமுமே. அப்படியிருக்க அதில் என்ன கவர்ச்சி? கேட்பவனின் ஞாபகத்தில் முதற்குரல் ஓடிக்கொண்டிருக்கிறது. காதில் இரண்டாம் குரல் விழுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் அவன் ரசிக்கிறான் என்பது என் எண்ணம். அச்சொட்டாகப் பாடுபவன் அந்தத் தூரத்தை இல்லாமலாக்கி விடுகிறான். வியப்பு உண்டாகும், கைதட்டுவோம். ஆனால் ஒலிநாடா தராத எதையும் அவன் தருவதில்லை.

பாகிஸ்தானின் ஸாப்ரி சகோதரர்கள் பாடிய 'தாஜ்தாரே ஹரம்' கவ்வாலியை நம்மில் பலர் அறிவர். 2015 இல் 'கோக் ஸ்டூடியோ' நிகழ்ச்சியில் ஆதிப் அஸ்லம் அதைப் பாடினார். கவ்வாலியைக் கெடுத்துவிட்டார் என்று மூத்த நண்பர் ஒருவர் இன்றும் கோபிக்கிறார். அவர் கோபத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஹார்மோனியமும் கைதட்டும் குழுவும் சேர்ந்து படிப்படியாக ஏறும் அந்த வேகம் ஆதிபிடம் இல்லை. ஆனால் ஸாப்ரிகளிடம் ஒரு ஜமாஅத்தின் முறையீடாக இருந்தது, இவரிடம் தனிமனிதனின் முறையீடாகிறது. மூலத்தைக் கேட்டுப் பழகியவனுக்கே இந்த மாற்றம் தைக்கும். மூத்த ஸாப்ரியான குலாம் பரீதின் மகன் அம்ஜத் ஸாப்ரி, தந்தையும் சிறிய தந்தையும் பாடியவற்றை விடாது பாடி வந்தவர். 2016 ஜூனில், ரமழான் மாதத்தில், கராச்சியில் சுட்டுக் கொல்லப்பட்டார். தகப்பன் பாட்டை மகன் பாடுவதையும் மீள்பாடல் என்ற ஒரே சொல்லில் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

இங்கே ஒரு தடை எழுகிறது. 2021 இல் உலகெங்கும் பரவிய 'மெனிகே மகே ஹிதே'யும் மீள்பாடலே. முந்திய வருடம் சதீஷன் ரத்னாயக்க பாடியதை அவரோடு சேர்ந்து யொஹானி பாடினார். 2022 இல் அது ஹிந்தித் திரைப்படம் ஒன்றுக்கும் போயிற்று. இந்தியாவில் அதை ரசித்தவர்களில் எத்தனை பேர் சதீஷனின் முதற்பாடலைக் கேட்டிருப்பார்கள்? ஞாபகமே இல்லாமல் ரசித்தார்களே, உமது வாதம் உடைகிறதே என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். உடையவில்லை என்றே நினைக்கிறேன். அவர்களுக்கு அது மீள்பாடலே அல்ல, முதற்பாடல்.

அந்தப் பதிலைச் சொன்ன பிறகுதான் எனக்குள் ஏதோ உறுத்தியது. நாங்கள் சிறுவயதில் இலங்கை வானொலி முஸ்லிம் சேவையிலும் பெருநாள் காலை வீட்டு ஒலிநாடாவிலும் ஹனிபாவைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர் 2015 இல் காலமானார். இன்று ஐந்தாம் தரத்தில் இருக்கும் பிள்ளை அப்போது பிறந்திருக்கவே இல்லை. அப்பிள்ளைக்கு எம் பாடசாலை மேடையில் கேட்பதே முதற்குரலாகவும் இருக்கக்கூடும். அந்த மேடைக்கு நாங்கள் பிரதி எடுப்பவர்களை மட்டுமே ஏற்றிக்கொண்டிருக்கிறோம்.

அப்பாடலின் தலைப்பையே பாருங்கள். பன்மையில், பிறரை நோக்கிப் பேசுகிறது. ஹனிபாவின் குரலில் அது ஓர் ஊருக்கு விடுக்கும் அழைப்பு. மைதானத்தின் கடைசி வரிசையில் நிற்பவனையும் எட்டும் குரல் அது. அவரைப் பின்பற்றிய மாணவனும் அழைத்தான், ஆனால் ஹனிபா அழைத்தவர்களையே அழைத்தான். சிறுமி பாடியபோது அதே ஏவற்சொல், எங்கள் யாரையும் பாராமல் தனக்குத்தானே சொல்லிக்கொள்வதாகக் கேட்டது. அச்சொல்லுக்கு இப்படியொரு பொருளும் உண்டென்று இத்தனை வருடம் கேட்டும் நான் அறிந்திருக்கவில்லை. எழுதியவர் ஒருவர், பாடியவர் இன்னொருவர். எங்களுக்கு அது 'ஹனிபா பாட்டு' ஆகிவிட்டதால் சொற்களையே கேட்க மறந்திருந்தோம். அன்றும் நான் சொற்களைக் கேட்காமல் சுருதியைத்தான் கேட்டேன்.

அந்த 20 புள்ளிப் பகுதியை நீக்கும்படி ஏற்பாட்டாளர்களுக்கு இவ்வருடம் கடிதம் எழுதினேன். பதில் இன்னும் வரவில்லை. சிறுமி இப்போது எட்டாம் தரம். மேடையேறுவதில்லை என்று அவளது வகுப்பாசிரியை சொன்னார்.