மாஸி 1035-க்கு ஈடு உண்டா?

காதை மட்டும் கொஞ்சம் கொடுங்கள். குமாரபாளையத்துக்கு வெளியே, மேட்டூர் கிழக்குக் கரை வாய்க்காலை ஒட்டி ஒரு தோட்டம், மார்கழிப் பனி, பேட்டரி சுத்தமாகப் படுத்துவிட்ட எங்கள் பழைய மாஸி பெர்குசன் 1035 டிராக்டர். கரைச் சரிவில் உருட்டிவிட்டு, கியரைப் போட்டு, கிளட்சை விட்டதும் குப்பென்று ஒரு கரும்புகை, அடுத்த நொடி டக டக டகவென்று இன்ஜின் பேசத் தொடங்கியது பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது!

பழைய டிராக்டர்களை ரசிக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். 1974-இல் வந்த ஸ்வராஜ் 724 இரண்டு சிலிண்டர், அதன் தனித்தாளமே வேறு. மாஸியில் இருப்பது சென்னை செம்பியத்து சிம்சனின் மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின்; கிராங்க் 240 டிகிரி சுற்றினால் ஒரு வெடி, அதனால்தான் அந்தச் சீரான ஓட்டம். சென்சார் இல்லை, கம்ப்யூட்டர் பெட்டி இல்லை. டீசல், காற்று, அழுத்தம், அவ்வளவுதான், தீப்பொறிகூட வேண்டாம்!

பலம் என்று வந்தால் பக்கத்துத் தோட்டத்து மாமாவின் போர்டு 3600 பெரிய ஆள்தான், ஒப்புக்கொள்கிறேன். மாஸிக்குச் சுமார் 35 குதிரைத்திறன், போர்டுக்கு 40-க்கு மேல். ஆனால் குச்சிக்கிழங்கு பிடுங்கிய செம்மண்ணில் மாஸியை உழவிட்டுப் பாருங்கள்! கலப்பை கெட்டி மண்ணில் இறுகியதும், அதை டிராக்டரோடு இணைக்கும் மேல்கை ஸ்பிரிங்கை அழுத்தும், ஹைட்ராலிக் கலப்பையை ஒரு இழை தூக்கும், பாரம் பின்சக்கரத்துக்கு மாறும், டயர் மண்ணைக் கவ்வும். ஹாரி பெர்குசன் கண்ட வித்தை அது, நீங்கள் லீவரைத் தொடவே வேண்டாம்! வரப்போரம் திருப்பும்போது கை கொஞ்சம் கடுக்கும், அது ஒரு குறையா?

உச்சம் எது தெரியுமா? ஓடப்பள்ளி பொன்னி ஆலைக்குப் போகவேண்டிய கரும்பு லோடு ஈர வயலில் அச்சுவரை புதைந்து நிற்க, "மாப்ளே, சங்கிலியப் போடுடா!" என்று மாமா கத்த, முன்னால் போர்டு, பின்னால் நம் மாஸி, இரண்டு இன்ஜினும் ஒருசேர உறும, சேறு முகத்தில் தெறிக்க, சங்கிலி விண்ணென்று இறுக, ஒரு சாண், ஒரு முழம், அப்புறம் மொத்த டிரெய்லரும் கிறீச்சிட்டு மேலேறியபோது நான் ஸ்டியரிங்கில் இருந்தபடியே விசிலடித்தேன், மாமாவும் அடித்தார்!