ரப்பரா, அழிப்பானா?

பென்சில் எழுத்தை நீக்கும் சிறு பொருளை நம் பிள்ளைகள் ‘ரப்பர்’ என்கின்றனர்; பாடநூல் ‘அழிப்பான்’ என்கிறது. பிள்ளை கட்டுரையில் ‘ரப்பர்’ என்று எழுதிவிட்டால், ஆசிரியர் சிலர் சிவப்பு மையால் வட்டமிடுகின்றனர். “ரப்பர் என்பது மரத்தின் பால், மூலப்பொருளின் பெயரைக் கருவிக்கு இடுதல் பிழை” என்று காரணமும் காட்டுகின்றனர். தமிழ்ச்சொல்லை வற்புறுத்துவது நன்றே. ஆயின், காட்டும் காரணம் பொருந்துமா?

பொருந்தாது. ஆங்கிலத்தில் ‘ரப்’ என்றால் தேய்த்தல். ‘ரப்பர்’ என்றால் தேய்ப்பது. தென்னமெரிக்க மரப்பிசின் பென்சில் கோட்டை நீக்க வல்லது என்பதை 1770இல் சோசப்பு பிரீசிட்லி என்னும் அறிஞர் தம் நூலொன்றில் குறித்தார். இலண்டனில் எட்வர்டு நேர்ன் என்பவர் அரை அங்குலக் கட்டி ஒன்றை மூன்று சில்லிங்குக்கு விற்றார். அதற்குமுன் ரொட்டித் துணுக்கே அப்பணியைச் செய்தது. தேய்க்கும் தொழிலால் வந்த பெயரே பின்னர்ப் பிசினுக்கும், மரத்துக்கும், தோட்டத்துக்கும் ஏறியது. மரக்கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்ததோ 1877இல்தான். ஆகவே, கருவியே மரத்துக்குப் பெயர் தந்தது. மரம் கருவிக்குத் தரவில்லை. இன்று கடையில் விற்பவற்றுள் பல பிளாஸ்டிக்கால் ஆனவை. அவற்றையும் ‘ரப்பர்’ எனும் பிள்ளை, தான் அறியாமலே அச்சொல்லின் முதற்பொருளைக் காக்கிறது.

இனி, ‘அழிப்பான்’ என்பதைக் குறைகூறுவோரும் உளர். அஃது ‘அவன் அழிப்பான்’ என்னும் எதிர்கால வினைமுற்றுப்போல் ஒலிக்கிறதாம். அஃறிணைக்கு ஆண்பால் ஈறு ஏலாதாம். இதுவும் நிற்காது. கறையான், கரப்பான் என்பன அஃறிணையே. பூவன், பேயன், மொந்தன் என வாழையை வழங்கும் தமிழுக்கு அழிப்பான் அயலாகுமா? ‘அழித்தல்’ கடுஞ்சொல் என்பாரும் கோலத்தை அழித்துப் போடும் பெண்களின் பேச்சைக் கேட்பாராக. மலாய்க்காரர் ‘பெமாடாம்’ என்கின்றனர். தீயை அணைப்பதற்கும் எழுத்தை நீக்குவதற்கும் அவர்க்கு வினை ஒன்றே. ஆங்கிலேயர் தேய்த்தலைக் கண்டனர். மலாய்க்காரர் அணைத்தலைக் கண்டனர். நாம் அழித்தலைக் கண்டோம். மூன்றும் தொழிலாற் பெற்ற பெயர்களே.

உண்மையில் கவலை தருவது வேறொன்று. ரகரம் மொழிக்கு முதலாகாது என்னும் விதியைக் காக்க, ‘இரப்பர்’ என எழுதுகின்றோம். ‘இரப்பர்’ என்றால் பிச்சை ஏற்பர் என்பது தமிழறிந்தார்க்குத் தெரியும். விடியுமுன் எழுந்து பால்வெட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தவர் நம் மக்கள். அவர்கள் உழைத்த இடத்தை ‘இரப்பர் தோட்டம்’ என எழுதுங்கால் என் கை கூசுகிறது. இடம்நோக்கிப் பொருள் கொள்ளலாமே என்பர். கொள்ளலாம், ஆயினும், பிறமொழிச்சொல் பிறமொழிச்சொல்லாகவே நிற்க, ‘ரப்பர்’ என எழுதுவதால் தமிழ் குறைந்துபோகாது. தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறிவிட்ட இந்நாளில், அம்மக்களின் உழைப்பை நினைவூட்ட எஞ்சியிருப்பன இத்தகைய சொற்களே. அவற்றைக் கூசாமல் எழுதக்கூடிய வடிவில் பிள்ளைகளிடம் ஒப்படைத்தல் வேண்டும்.

ஆதலின் ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். எழுத்தில் ‘அழிப்பான்’ என்பதைப் பயிற்றுங்கள். அது நல்ல சொல். பேச்சில் வரும் ‘ரப்பரை’ இகழாதீர்கள். கட்டுரையில் அது வந்தால், வட்டமிட்டு மதிப்பெண் குறைப்பதைவிட, பக்கத்தில் ‘அழிப்பான்’ என எழுதி, இவ்விரு சொற்களின் வரலாற்றையும் ஐந்து நிமிடம் வகுப்பில் சொல்லுங்கள். பெயர்க்காரணம் அறிந்து கற்ற சொல் பிள்ளை மனத்தில் நிலைக்கும். அச்சத்தால் கற்ற சொல் தேர்வு முடிந்ததும் அழிந்துபோகும்.